வேலி பிடுங்கிய காணி

என் மேசைக்குக் கீழே பல வருடமாக ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடந்தது. ஒரு டெராபைட். ஊர்காவற்றுறைக்கு வேலை மாறி வந்தபோதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

தம்பி புத்தளத்தில், ராத்தா லண்டனில், மச்சான் நயினாதீவில். ஆளுக்கொரு பக்கம் கிடக்கும் குடும்பத்துப் படங்களை ஓரிடத்தில் சேர்க்கலாமென்று, இரண்டு டிஸ்க் போடக்கூடிய ஒரு நாஸ் பெட்டி வாங்கினேன். ஒன்று பழுதானாலும் மற்றதில் அதே பிரதி இருக்கும். பழைய டிஸ்க்கோடு சேர்க்க அதே அளவில் புதிதாக ஒன்றும் வாங்கினேன்.

பழையதில் மூன்று பார்ட்டிஷன்கள். ஒன்றில் காலாவதியான விண்டோஸ், ஒன்றில் படங்கள், மற்றதில் எப்போதோ ஆசைக்குப் போட்ட லினக்ஸ். நாஸ் பெட்டிக்கு இந்தப் பங்கீடெல்லாம் வேண்டாம். முழு டிஸ்க்கையும் அதுவே எடுத்துக்கொள்ளும். படங்களைப் பிரதி பண்ணிவிட்டு மூன்றையும் அழித்தேன். ஒரு நிமிட வேலை.

இரவு ராத்தா எடுத்தா. "தம்பி, வாப்பாட சத்தம் ஒண்டு வச்சிருந்தாயே, அதையும் போடுடா."

எனக்கு நெஞ்சு அடைத்தது. படங்களை மட்டும்தான் எடுத்திருந்தேன். அந்த ஒலிப்பதிவு வேறொரு கோப்புறையில் இருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். சோனகதெருவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து வாப்பா ஒரு உடுப்புப் பையோடு வெளிக்கிட்டார். நயினாதீவுக் காணியின் உறுதி அலுமாரியிலேயே போயிற்று. யுத்தம் முடிந்து 2010இல் அவரைக் குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றிக் கூட்டிப்போனேன். பற்றைக்குள் நின்று எல்லைகளைச் சொன்னார், போனில் பதிந்தேன். கிழக்கே ஒழுங்கை, தெற்கே கிணற்றுப் பங்கு, வடக்கே இரட்டைப் பனை. மூன்று வருடத்தில் மௌத்தானார்.

அன்றிரவு நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு கை வைக்காமல் கழற்றி வைத்தது. பார்ட்டிஷனை அழித்தால் உள்ளே இருப்பது உடனே அழிவதில்லை. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற சிறு அட்டவணைதான் போகிறது. நம்மூர்க் கதியால் வேலி மாதிரி. வேலியைப் பிடுங்கினாலும் கிணறும் பனையும் நின்ற இடத்தில்தான் நிற்கும். அதன்மேல் புதிதாக எழுதினால்தான் ஆபத்து. நாஸ் பெட்டிக்குள் போட்டிருந்தால் அது தன்பாட்டுக்கு எழுதத் தொடங்கியிருக்கும்.

காணிக்கும் அதுதான் நடந்தது. பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். யுத்தத்தால் போகமுடியாதவர்களுக்கு அதிலிருந்து விலக்குத் தந்த சட்டம் 2016இல்தான் வந்தது. வழக்குப் போடத் தந்த காலமும் இரண்டு வருடம்தான். எத்தனையோ பேருக்கு அதற்குள் வீடுகளே எழும்பிவிட்டன.

மறுநாள் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். பழைய எல்லைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தது. அட்டவணையைத் திருப்பி எழுதமுன், கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்தேன். பதினாறு நிமிட ஒலிப்பதிவு. காற்று இரைச்சலுக்கு நடுவே வாப்பா.

இரண்டு இடத்தில் பிரதி வைத்து, முழுவதும் கேட்டுப்பார்த்து, மற்ற டிஸ்க்குகளையெல்லாம் கழற்றிய பிறகே அந்தப் பழைய டிஸ்க்கை மீண்டும் துடைத்தேன். இப்போது அது நாஸ் பெட்டிக்குள் ஓடுகிறது. ஆனால் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது காவல் அல்ல. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அழியும். அதனால் இன்னொரு பிரதி புத்தளத்தில் தம்பியிடம் இருக்கிறது.

ராத்தா கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இரட்டைப் பனை இன்னும் நிக்குதா?" என்றா.

ஒன்று நிற்கிறது என்றேன்.