உள்ளிருந்து திறக்காத கதவு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சென்ற் தோமஸ் நகருக்கு அருகிலிருந்த ஃபோர்ட் தொழிற்சாலையிலிருந்து 2011 செப்டெம்பர் 15 அன்று கடைசி கிறவுண் விக்ரோறியா வெளிவந்தது. அத்துடன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வட அமெரிக்காவில் பொலிஸ் கார் என்றாலே பலருக்கும் நினைவில் எழுவது அந்த நீண்ட உடல்தான். அதே தொழிற்சாலையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிறந்த ஒன்றை நண்பர்கள் மூவர் சேர்ந்து ஏலத்தில் எடுத்தோம்.

ஏலத்தாளில் ஆண்டும் ஓடிய தூரமும் மட்டுமே இருந்தன. மிகுதியைக் காரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. வாகன அடையாள இலக்கத்தின் ஐந்தாம் இடத்திலிருந்து 'பி71' என்று இருந்தது. பொலிஸ் பணிக்கெனவே கட்டப்பட்ட கார் என்பதற்கான குறி அது. முன்கண்ணாடியை ஒட்டிய தூணில், தேடுவிளக்கு இருந்த துளை அடைக்கப்பட்டிருந்தது. கூரையில் ஒரு ரப்பர் மூடி. சாய்ந்த மாலை வெயிலில் பார்த்தால், உரித்தெடுக்கப்பட்ட எழுத்துகளின் நிழல் கதவில் தெரிந்தது. சுற்றியிருந்த வண்ணம் வெளிறியிருக்க, எழுத்துக்குக் கீழே இருந்தது மட்டும் வெளிறாமல் தங்கிவிட்டது.

தூரத்தைப் போலவே இயந்திரம் ஓடிய மணிகளும் இக்காரில் பதிவாகின்றன. தூரத்தை மணிகளால் வகுத்துப் பார்த்தோம். மணிக்கு 25 கிலோமீற்றர் கூட வரவில்லை. திரைப்படங்கள் காட்டிய துரத்தலைவிடக் காத்திருப்பே இதன் வாழ்வில் அதிகம். நின்ற இடத்தில் இயந்திரம் ஓடும் ஒரு மணி நேரத்தை 33 மைல் பயணத்துக்குச் சமமான தேய்மானமாக ஃபோர்ட் கணக்கிடுகிறது. நின்றவற்றுக்கும் தேய்மானம் உண்டு.

பின்கதவுகள் உள்ளிருந்து திறக்கவில்லை. அவற்றை அப்படித்தான் அமைத்திருந்தார்கள். எங்களில் ஒருவர் பின்னிருக்கையில் ஏற மறுத்துவிட்டார். ஊரில், போர்க்காலத்தில், சீருடையினர் அவரை வாகனமொன்றில் ஏற்றிச் சென்ற ஓர் இரவு உண்டு. அதைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. "பின்னாலை இருந்த ஆக்களின்ரை கணக்கு எந்த மீற்றரிலை இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முன்னிருக்கையின் சரித்திரத்தைத் துளைகளும் எண்களும் சொல்லிவிடுகின்றன. பின்னிருக்கையில் இருந்தவர்கள் குற்றவாளிகளோ, குடித்தவர்களோ, வெறுமனே ஐயத்துக்கு ஆளானவர்களோ, காரில் ஒரு கீறலைக்கூட விட்டுச் செல்லவில்லை. ஆனால் அவர்களில் எவரேனும் இன்றும் இத்தகைய காரைக் கண்டதும் நடையைச் சற்றுத் தளர்த்தக்கூடும். காரின் மறைந்த பாதி இருப்பது அங்கேதான். எந்த இலக்கத்தைக் கொண்டும் அதை மீட்க முடியாது.

வண்ணம் பூசவும் சக்கரங்கள் மாற்றவும் எண்ணியிருந்தோம். அவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, முதல் வேலையாகப் பின்கதவுகளின் உட்பிடிகளை இயங்கச் செய்தோம்.