அப்பாவின் புல்லட்டுக்கு எந்த பேட்டரி?

பழைய பைக்கின் பேட்டரி பெரும்பாலும் ஓடிக் கெடுவதில்லை, நின்றுதான் கெடுகிறது. கும்பகோணத்தில் ஒரு வீட்டுப் போர்டிகோவில் நிற்கும் 1996 மாடல் புல்லட்டுக்கும் அதே கதைதான். ஆசையாக அதை வாங்கிய வங்கி ஊழியர் இப்போது இல்லை. மகனுக்குக் கோவையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வந்ததும் கிக்கரை மிதிப்பார். வண்டி கிளம்பாது.

அந்தக் காலத்து புல்லட்டில் பாயின்ட் செட் இக்னிஷன். பேட்டரியில் உயிர் இல்லையென்றால் ஸ்பார்க் வலுவாக வராது. நான்கு வருடத்தில் மூன்று பேட்டரிகள் மாற்றியாயிற்று. மூன்றாவதும் போன அன்று அம்மா சொன்னார்: "வித்துடலாம்டா. அப்பா தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருந்த வண்டி. இப்படிச் செத்துக் கிடக்கறதைப் பார்க்க முடியலை."

கடைசி முயற்சியாக லித்தியம் பேட்டரி போடலாம் என்று நினைத்தார் மகன். எடை சுமார் மூன்றில் ஒரு பங்குதான். சும்மா நிற்கும்போது சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். ஆசிட் வழிந்து குரோமை அரிக்கிற தொல்லையும் இல்லை. விலைதான் பல மடங்கு.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துடுவோம் தம்பி" என்றார் மெக்கானிக். தன் கடையிலிருந்த பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினார். மல்ட்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். மீட்டர் 15.4 வோல்ட் காட்டியது.

அதுதான் வில்லன். 12 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு வரும் சார்ஜ் 14 முதல் 14.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டிக்கும். அது இல்லாத பேட்டரி என்றால் செல்களே கெடும். பழைய பேட்டரிகளும் இதனால்தான் தண்ணீர் வற்றிச் செத்திருக்கின்றன. ரெகுலேட்டரை மாற்றி, துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுத்தம் செய்தபின் மீட்டர் 14.2-ல் நின்றது.

"அப்படின்னா பழைய மாதிரி பேட்டரியே போதுமே?" என்று கேட்டார் அம்மா.

"போதும்மா. ஆனா வண்டி நிக்கிற வண்டி. மாசம் ஒருதடவை கழட்டி சார்ஜ் போடணும். யார் போடுவா?"

அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. "செல்போன் பேட்டரி வெடிக்குதுங்கறாங்களேடா..." பைக்குக்கு வரும் பேட்டரிகள் பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, செல்போனில் இருக்கும் வகையைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனாலும் அதற்குரிய சார்ஜரைத்தான் மாட்ட வேண்டும் என்று விளக்கினார் மகன். பழைய சார்ஜர்கள் சிலவற்றில் சல்ஃபேட்டைக் கரைக்க அதிக வோல்ட் அனுப்பும் வசதி உண்டு. லித்தியத்துக்கு அது ஆகாது.

வாங்கும்போது அவர் மூன்று விஷயங்களைப் பார்த்தார். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளேயே இருக்கிறதா? பிளஸ், மைனஸ் முனைகள் பழைய பேட்டரியில் இருந்த பக்கத்திலேயே இருக்கின்றனவா? மேலே போட்டிருக்கும் ஆம்பியர் கணக்கு நிஜமானதா? சில பேட்டரிகளில் அச்சிட்டிருப்பது, அதே வேலையைச் செய்யும் பழைய ரக பேட்டரிக்குச் சமமான எண்தான். உண்மைக் கொள்ளளவு அதைவிடக் குறைவு. பேட்டரி சிறியதாக இருந்ததால் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க ஃபோம் வைத்துக் கட்டினார் மெக்கானிக்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். பழைய பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் ஃபுல். லித்தியத்தில் 12.7 என்றால் ஏறக்குறைய காலி. ஃபுல் சார்ஜில் நிற்கும்போது 13.3 காட்டும். 13-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். அடியோடு காலியாக விட்டால், கொடுத்த காசு போச்சு.

அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். சின்ன மல்ட்டிமீட்டர் ஒன்று இப்போது பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மகனின் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வரும். எழுத்து எதுவும் இருக்காது, மீட்டரில் 13.3 என்ற எண் மட்டும். வண்டியை விற்கும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.