வீட்டுக்காரர் பே ஸ்லிப்பும் ஒரு 0.58 சதவீதமும்

நேத்து ராத்திரி எங்க வீட்ல பஞ்சாயத்து. காரணம், வீட்டுக்காரர் பே ஸ்லிப்ல இருந்த ஒரே ஒரு வரி: டபிள்யூ.ஏ. கேர்ஸ். ஏழு மாசமா பிடிச்சிருக்காங்க, மொத்தம் 490 டாலர் கிட்ட. "நான்தான் விலக்கு வாங்கிட்டேனே, எப்படிப் பிடிக்கலாம்?"னு ஒரே கோபம்.

நாங்க இருக்கிறது வாஷிங்டன் மாநிலம், சியாட்டில் பக்கம். (வெள்ளை மாளிகை இருக்கிற வாஷிங்டன் இல்லீங்க.) இங்க 2023 ஜூலை 1லேருந்து சம்பளத்துல 0.58% பிடிக்கிறாங்க. 100 டாலருக்கு 58 சென்ட். வருஷம் 1 லட்சம் டாலர் சம்பளம்னா 580. உச்சவரம்பு கிடையாது. கம்பெனி தன் பங்குன்னு எதுவும் போட வேண்டாம், நம்மகிட்ட பிடிச்சு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசுக்குக் கட்டணும், அவ்ளோதான். நாளைக்கு நமக்கு முடியாமப் போனா பராமரிப்புச் செலவுக்கு வாழ்நாள்ல மொத்தம் 36,500 டாலர் வரைக்கும் கிடைக்கும். நாளைக்கு 100 டாலர்னு ஒரு வருஷக் கணக்கு. பணம் கொடுக்கத் தொடங்குற தேதி 2026 ஜூலை 1.

2021 அக்டோபர்ல இங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப் பூரா இதே பேச்சு. நவம்பர் 1க்கு முன்னாடி தனியார் பாலிசி எடுத்திருந்தா விலக்கு உண்டு. வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்தார், விலக்குக் கடிதம் வந்துச்சு, கொஞ்ச நாள்ல பாலிசியையும் விட்டுட்டார். எனக்கு அப்போ கோவிட் வார்டு. ஃபாரத்தைத் திறந்துகூடப் பார்க்கல. யோசிச்சு எடுத்த முடிவுன்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா உண்மை அது இல்ல.

சரி, இப்போ ஏன் பிடிச்சாங்க? போன வருஷம் வேலை மாறினார். விலக்குக் கடிதத்தைப் புது கம்பெனில கொடுக்கல. அரசாங்கம் கம்பெனிக்குச் சொல்லும்னு நினைச்சிட்டார். சொல்லாது. வேலை மாறுற ஒவ்வொரு தடவையும் நாமதான் கொடுக்கணும். கொடுக்கிறதுக்கு முன்னாடி பிடிச்ச பணம் திரும்பி வராது. கொடுத்த பிறகும் பிடிச்சா அது கம்பெனி தப்பு, அவங்க திருப்பித் தரணும். ஆக, 490 டாலர் போச்சு.

இந்தச் சண்டை நடந்த அன்னிக்குக் காலையிலதான் ஒரு அம்மாவை டிஸ்சார்ஜ் பண்ணினேன் (அடையாளம் தெரியாதபடி மாத்திச் சொல்றேன்). எழுபது தாண்டினவங்க, பக்கவாதம், வலது கை கால் வரல. பொண்ணு கேட்டாங்க: "டாக்டர், மெடிகேர் இருக்கு, வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்கல்ல?" பிசியோதெரபி மாதிரி மருத்துவ சேவைக்குக் கொஞ்ச நாள் வருவாங்க. ஆனா மாசக்கணக்கா குளிப்பாட்ட, பாத்ரூம் கூட்டிட்டுப் போக, ஊட்டிவிட? மெடிகேர் அதுக்குக் கொடுக்காது. மெடிகெய்ட் கொடுக்கும், தனி ஆளா இருந்தா சேமிப்பெல்லாம் 2,000 டாலருக்குக் கீழ கரைஞ்ச பிறகு. இதைச் சொல்றப்ப அந்தப் பொண்ணு முகம் போன போக்கை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். "அப்ப நான் வேலையை விட்டுடவா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் மருந்து லிஸ்ட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன்.

36,500 பெரிய தொகையா? வீட்டுக்கு வர்ற ஆளுக்கு மணிக்கு 40 டாலர்னு வெச்சுக்குங்க. தினம் 4 மணி நேரம்னா ஏழரை மாசம் வரும். 24 மணி நேரமும் ஆள் வேணும்னா 38 நாள்ல காலி. இதை வெச்சு முதுமையைக் கடத்திடலாம்னு யாரும் நினைக்காதீங்க. ஆனா பக்கவாதத்துல முதல் ஆறு மாசம்தான் குடும்பம் உடையற நேரம். அந்த நேரத்துக்கு இது ஒரு ஆள் பலம்.

நிபந்தனைகளும் உண்டு. குளியல், சாப்பாடு, நடமாட்டம் மாதிரி அன்றாட வேலைகள்ல குறைஞ்சது மூணுக்கு உதவி தேவைப்படணும். 10 வருஷம் கட்டியிருக்கணும், இல்லன்னா விண்ணப்பிக்கிறப்ப கடைசி 6 வருஷத்துல 3 வருஷம். வருஷத்துக்கு 500 மணி நேரமாவது வேலை பார்த்திருந்தாதான் அந்த வருஷம் கணக்குல சேரும். 1968க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 10%.

எல்லாரும் கேக்குற கேள்வி: ஊர்லேருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு இது கிடைக்குமா? கிடைக்காது. கட்டினவங்களுக்கு மட்டும்தான். எங்க மாமியாரைத் திருச்சில நாத்தனார்தான் பாத்துக்கிறாங்க, நாலு வருஷமா, சம்பளமில்லாம. அவங்களுக்கு எந்த பே ஸ்லிப்பும் கிடையாது.

2024 நவம்பர்ல இதை விருப்பப்பட்டவங்க மட்டும் கட்டினா போதும்னு மாத்த ஒரு வாக்கெடுப்பு வந்துச்சு, தோத்துடுச்சு. எனக்கு அதுல சந்தோஷம்தான். விருப்பம்னு விட்டா முதல்ல வெளிய போறது எங்கள மாதிரி நல்ல சம்பளக்காரங்கதான். எங்க வீட்லயே பார்த்தாச்சே.

ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து எச்.ஆருக்கு அனுப்பினார். அப்புறம் மெதுவா, "உனக்கு மட்டும் பிடிச்சிட்டே இருப்பாங்கல்ல?"ன்னார்.

"ஆமாங்க. நான் விழுந்தா, என்னைப் பாத்துக்கிறதுக்கு உங்களுக்கே அதுலேருந்து சம்பளம் கொடுக்கலாம். புருஷன் பொண்டாட்டின்னாலும் தருவாங்க."

"நான் விழுந்தா?"

லைட்டை அணைச்சிட்டு ரொம்ப நேரம் ரெண்டு பேரும் தூங்கல.