மாடியில் பத்துத் தொட்டி

முதல் குண்டுமல்லியைக் கொன்றது நான்தான். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. இலை பழுக்கப் பழுக்க, தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, ஒரே அழுகல் வாடை. இப்போது மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

*

நவம்பர் கடைசியில் கவாத்து. ஒன்றரை அடி விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டு என்றார் கீழ்வீட்டு அத்தை. மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பது தெரிந்தும் மனசு வரவில்லை. நுனியை மட்டும் கிள்ளிவிட்டேன். அந்த வருஷம் கொடி நீண்டது, பூவைக் காணோம். மறு வருஷம் அத்தையே கத்தரிக்கோலோடு மாடியேறி வந்துவிட்டார். பிறகு பார்த்தால் தொட்டியில் வெறும் குச்சிகள். மார்கழியில் மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லி கிலோ ஆயிரங்களைத் தாண்டுகிறது, இங்கே நாலு தளிர்! மார்ச்சில் ஒரு நாள் ஏழு மொட்டு. ஏப்ரலில் தினம் ஒரு முழம் கட்டினேன். விரிந்த பிறகு பறித்தால் கட்டுவதற்குள் துவண்டுவிடும். விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால் சாயங்காலம் தலையில் இருந்துகொண்டு விரியும். பூக்காரம்மாக்களுக்கு இதெல்லாம் பாலபாடம்.

*

ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு சாமந்திக் கன்றுகள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது பூத்துக் குலுங்கியது. கைப்பிடிச் சுவரோரம் இருந்தது இலையாகவே தழைத்தது. எருவா, மண்ணா என்று குழம்பிக் கிடந்தேன். கடைசியில் பார்த்தால் தெருவிளக்கு! சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவில் வெளிச்சம் பட்டால் மொட்டு வைக்காது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் வேண்டுமென்றே இரவில் விளக்குப் போட்டுப் பூப்பதைத் தள்ளிவைக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்வதை மாநகராட்சி எனக்கு இலவசமாகச் செய்திருக்கிறது. தொட்டியை இடம் மாற்றினேன்.

*

கனகாம்பரத்தின் காய்ந்த கதிரைத் தண்ணீரில் போட்டால் காய்கள் டப் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும். அக்கா பையன் ஒரு பிற்பகல் முழுக்க டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். டெல்லி கனகாம்பரத்தில் இந்த வேடிக்கை கிடையாது. அதில் விதை பிடிக்காது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

*

செம்பருத்தியில் எறும்பு ஏறுகிறதென்றால் எங்கேயோ மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறது. அது கசியவிடும் இனிப்புக்குத்தான் இந்த ஊர்வலம். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடியிலும் படுகிற மாதிரி அடிக்க வேண்டும்.

*

அந்திமந்தாரையை யாரும் நடவில்லை. சிமெண்ட் வெடிப்பில் தானாக வந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் விரிகிறது. பத்துத் தொட்டியில் நான் படும் பாட்டை நினைத்தால் இதன்மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

*

முல்லைக்கொடியை வளைத்து, பக்கத்துத் தொட்டி மண்ணில் பதியன் போட்டு, மேலே ஒரு கல். மூன்று மாதத்துக்குத் தொடக் கூடாதென்று அத்தையின் உத்தரவு. இன்றைக்கு நாற்பதாம் நாள். கல்லை நேற்று லேசாகத் தூக்கிப் பார்த்ததை அத்தையிடம் சொல்லவில்லை.