வினாவும் செப்பும்

'செப்பு' என்னும் சொல் ஓசூரில் பல உருவில் உலவுகிறது. தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் வாயில் அது 'சொல்' என்னும் ஏவல். சிப்காட்டில் மோட்டார் சுற்றுவோர் 'காப்பர்' என்பதும் தமிழில் செப்பே. தொல்காப்பியம் நடத்தும் நமக்கோ, அது வினாவுக்கு இறுக்கப்படும் விடை. வீட்டு ஒலிபெருக்கிகளுக்குக் கம்பி வாங்க வேண்டி வந்தபோது இலக்கணப் பாடம்தான் கைகொடுத்தது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நடந்தது அதுதான்.

நம்மிடம் 37 ஒலிநாடாக்கள் உள்ளன. முதுகலை பயின்ற காலத்தில், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடந்த இரவுகளில் பதிந்தவை. முகவீணையும் மத்தளமும் தாளமும் சூழப் பாடிய வாத்தியார்களுள் பலர் இன்று இல்லை. கூத்துப் பாடலை அச்சில் படிப்பது வேறு. ஒரு சொல் எங்கே நீண்டு எங்கே முறிகிறது என்று காதால் அறிவது வேறு. மாணவர்கள் அதைக் கேட்க வேண்டும் என்னும் ஆசையால், பழைய டெக் ஒன்றும் ஆம்பிளிஃபயரும் ஒரு சோடி ஒலிபெருக்கிகளும் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். எஞ்சியது கம்பி ஒன்றே.

பெங்களூரு நமக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டிச் சென்று ஒரு கடையில் விசாரித்தோம். விரல் பருமனில், நெய்த உறை போர்த்திய கம்பியைக் காட்டினார்கள். மின்னோட்டம் செல்ல வேண்டிய திசையைக் காட்ட உறைமேல் அம்புக்குறிகூட இருந்தது. "திரை விலகினாற்போலக் குரல் வரும் சார்" என்றார் கடைக்காரர். உவமை நன்றாகவே இருந்தது. விலை நம் மாதச் சம்பளத்தில் கால் பங்கு. கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஆலை ஒன்றில் மின்பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். கடையில் கேட்டதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தோம். முழுவதும் கேட்டுவிட்டு அவர் வினவியவை இரண்டே: "எவ்வளவு தூரம் சார்? பெட்டி எத்தனை ஓம்?"

அவ்விரு வினாக்களுக்குள் பொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆம்பிளிஃபயரிலிருந்து தொலைவில் உள்ள பெட்டிக்கு 6 மீட்டர். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கணக்கில் 12 மீட்டர். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் 'ஒன்றரை எம்.எம்.' என்று சுருக்கிச் சொல்லும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13 ஓம் மின்தடை. 12 மீட்டருக்கு 0.16 ஓம். கம்பியின் தடை பெட்டியின் தடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. 8 ஓம் பெட்டிக்கு அது 0.4 ஓம். அரை எம்.எம். கம்பி 0.47 ஓம் காட்டி எல்லையைக் கடந்துவிடும். ஒன்றரை எம்.எம். பாதிக்கும் கீழே நின்றுவிடுகிறது. 8 ஓம் பெட்டிக்கு 15 மீட்டர் தொலைவு வரை அதுவே போதும். 4 ஓம் பெட்டியானால், 7 மீட்டருக்குமேல் இரண்டரை எம்.எம். வாங்கலாம்.

இந்த எல்லை வெறும் சம்பிரதாயம் அன்று. 8 ஓம் என்பது பெயரளவே. ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்பப் பெட்டியின் தடை ஏறி இறங்கும். கம்பி மெலிந்திருந்தால் சில சுரங்கள் சற்று அடங்கியும் சில சற்று எழுந்தும் கேட்கும். எல்லைக்குள் நின்றுவிட்டால் அவ்வேறுபாடு காதுக்கு எட்டாத அளவு சிறுத்துவிடும்.

கவனிக்க வேண்டியது போலிச் செப்பு. அலுமினியத்தின்மேல் செப்பு பூசிய கம்பியும் சந்தையில் உண்டு. அது செப்பைப்போல ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே மின்னைக் கடத்தும். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையிலெடுத்தாலும் கனம் இராது. ஐ.எஸ். 694 என்னும் இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள 'டூ கோர்' வளைகம்பியைப் பெரியவர் பரிந்துரைத்தார். இரு பெட்டிகளுக்கும் சேர்த்து 10 மீட்டர். இரண்டு நாவல்களின் விலையில் முடிந்தது.

விலையுயர்ந்த கம்பி பற்றிய வழக்கு உலகெங்கும் உண்டு. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து காதால் மட்டுமே பிரித்தறிவோருக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். பேச்சு வளர்ந்ததேயன்றிச் சோதனை நடக்கவில்லை. நடக்காத சோதனை எதையும் மெய்ப்பிக்காது. கணக்கே நமக்குப் போதுமான சான்று.

காதுக்குத் தெரியும் மாற்றங்கள் வேறு இடங்களில் இருந்தன. இரு பெட்டிகளிலும் கூட்டல், கழித்தல் முனைகளை ஒரே முறையில் இணைக்க வேண்டும். ஒன்றில் மாறினாலும் மத்தளத்தின் அடிநாதம் தேய்ந்துபோகும். பெட்டிகளைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தியதும் குரலைச் சூழ்ந்திருந்த முழக்கம் குறைந்தது. வெறுஞ்சுவருக்கு முன் புத்தக அலமாரியை நிறுத்தியதும் சொற்கள் தெளிந்தன. இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

மிச்சப்பட்ட பணத்துக்கு உடனடி வேலை இருந்தது. நாடாவின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கினால், எத்தனை உயர்ந்த கம்பியாலும் உதிர்ந்த குரலை மீட்க இயலாது. ஆகவே ஒலியைக் கணினிக்குக் கடத்தும் சிறு கருவி ஒன்று வாங்கினோம். 37 நாடாக்களில் 11 இதுவரை பத்திரமாகிவிட்டன. ஒன்பதாவது நாடாவில் திரௌபதியின் சபதத்துக்கு நடுவே வாத்தியார் பாட்டை நிறுத்தி, பின்பாட்டுக்காரரிடம் மெல்லத் தண்ணீர் கேட்கிறார். சொம்பு கைமாறும் ஓசையும் ஒரு மிடறும் தெளிவாகக் கேட்கின்றன. பிறகு, விட்ட சொல்லிலிருந்தே பாட்டு தொடர்கிறது. எஞ்சிய 26 நாடாக்களையும் அடுத்த கோடை விடுமுறைக்குள் முடித்துவிட எண்ணியிருக்கிறோம்.