எந்தப் பக்கம் வீடு?

ஊர் மாற நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் யோசனைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தண்ணீர் நன்றாக இருக்கிறதா, காற்று சுத்தமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி பக்கத்தில் உண்டா, அக்கம்பக்கம் எப்படி. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் காரோட்டுக்குப் போனபோது பட்டியல் கையை விரித்துவிட்டது. பார்த்த இரண்டு மனைகளுக்கும் ஒரே மதிப்பெண்.

ஒன்று காரோட்டில், என் மனைவியின் உறவினர்கள் இருக்கும் இடத்தில். கேரளத்தில் நெய்யாற்றின்கரை தாலுகாவின் தெற்கு ஓரத்துப் பஞ்சாயத்து அது. மற்றது களியக்காவிளையைத் தாண்டி, தமிழ்நாட்டில். நடுவில் நாலைந்து கிலோமீட்டர். இரண்டிலும் அதே செம்மண், அதே தென்னை, அதே மரச்சீனி, வேலியோரத்தில் அதே பலா. சக்கை என்றுதான் இரண்டு பக்கத்திலும் சொல்கிறார்கள். இரண்டு கிணறுகளிலும் எட்டிப் பார்த்தோம், தண்ணீர் இருந்தது. திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் இரண்டு மனைகளிலிருந்தும் ஏறத்தாழ சமதூரம். சில இடங்களில் மாநில எல்லை என்பது ஒரு இடவழி அல்லது யாரோ ஒருவருடைய தோட்டத்து மதில், அவ்வளவுதான்.

இருபது வருடத்துக்கும் மேலாக மகாராஷ்டிரத்தில் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, என் அம்மாவுக்காகவும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகவும் ஊர்ப்பக்கம் திரும்ப நினைக்கிறோம். எங்களைப் போலத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானவர்கள் மனையைப் பார்க்கிறார்கள். மாநிலத்தைப் பார்ப்பதில்லை. இங்கே மனைகளுக்குள் வித்தியாசம் இல்லாததால் மாநிலத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

என் மனைவியின் மாமாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. காரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். "நான் பிறந்தப்போ திருவிதாங்கூர். பள்ளிக்கூடத்தில சேர்ந்தப்போ திருகொச்சி. கொஞ்ச நாள் கழிஞ்சு கேரளம். நான் எங்கயும் மாறிப் போவல்ல மக்களே" என்றார். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வரை போன அந்தப் போராட்டத்தின் முடிவில், விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கோடு விழுந்தது. சர்ச்சும் பிரிந்தது. சி.எஸ்.ஐ.யின் தென் திருவிதாங்கூர் திருமண்டலம் 1959-ல் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. ரயில்வே மட்டும் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1979-ல் ரயில் வந்தபோது நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவனந்தபுரம் கோட்டத்திலேயே சேர்ந்தன. பாறசாலையிலிருந்து ரயில் எல்லையைத் தாண்டுவது பயணிக்குத் தெரிவதே இல்லை.

மொழியைப் பொறுத்தவரை பேச்சில் கோடு கிடையாது. மாமாவின் மலையாளம் கோட்டயத்துக்காரருக்குப் புரியாது, என் அம்மாவின் தமிழ் சென்னையில் மலையாளம் என்று கேலி செய்யப்படும். இருவரும் பேசிக்கொண்டால் எந்த இடத்தில் எது முடிகிறது என்று சொல்ல முடியாது. எழுத்தில்தான் கோடு தெரிகிறது. அது முதலில் தெரிந்தது பத்திரத்தில்.

காரோட்டுத் தரகர் எங்களுக்கு முதலில் காட்டியது வேறொரு மனை. விலை குறைவு. கரம் கட்டிய ரசீதின் நகலை மாமா வாங்கிப் பார்த்து, "இது நிலமாக்கும். வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிலம் வாங்கத்தானே வந்திருக்கிறோம்! அங்கே ரெவின்யூ கணக்கில் நிலம் என்றால் வயல். வீடு கட்டத் தகுந்தது புரையிடம். 2008-ல் கேரளம் கொண்டுவந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, கணக்கில் வயலாக இருப்பதில் நினைத்தபடி வீடு கட்டிவிட முடியாது. தென்னை நின்றாலும், மண் போட்டு மேடாக்கியிருந்தாலும், அதில் நெல் விளைந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கணக்கு என்ன சொல்கிறது என்பதுதான் பேச்சு. தமிழ் தெரிந்தவன் ஏமாறுவதற்கென்றே அமைந்த சொல் இது. போக்குவரவு என்றால் பஸ் போக்குவரத்து இல்லை, பட்டா மாற்றம். குடிக்கட சர்ட்டிபிகேட் என்பது நம் வில்லங்கச் சான்று. அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் மலையாளம் வாசிக்கத் தெரிந்த, கமிஷனில் பங்கில்லாத ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. இந்தப் பக்கமும் அலட்சியம் கூடாது. விளவங்கோட்டில் 1956-க்கு முந்தைய மூலப் பத்திரங்கள் மலையாளத்தில்தான் இருக்கின்றன.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. தமிழ்நாட்டில் 7 சதவீதமும், 2023-ல் குறைத்த பிறகு 2 சதவீதமும். எந்த மதிப்பின் மேல் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சில்லறைச் சமாச்சாரங்களும் உண்டு. அரிசி ரேஷன் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து இலவச அரிசி. கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று கார்டின் நிறத்தைப் பொறுத்து மாறும். 2021-ல் தமிழ்நாட்டு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. லாட்டரி தமிழ்நாட்டில் 2003-லேயே ஒழிந்தது, எல்லையைத் தாண்டியதும் வரிசையாக லாட்டரிக் கடைகள். எல்லைக்காரர்களுக்கு இதெல்லாம் இரண்டு கடைகளில் மாறி மாறிச் சாமான் வாங்குவதுபோல. அவர்கள் எந்த மாநிலத்திலும் முழுதாகக் குடியிருப்பதில்லை என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களில் மாறி மாறி வாங்க முடியாது. ஒன்று படிப்பு, மற்றது ஜாதி சர்ட்டிபிகேட்.

என் மகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பள்ளியில் படித்தது மராத்தியும் இந்தியும். தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமாயிற்று. குமரி மாவட்டத்தின் மலையாளப் பள்ளிகளில் அதனால் எழுந்த முறையீடுகள் கோர்ட் வரை போயின. கேரளம் 2017-ல் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் கேட்டு வாங்கிய விலக்கோடு ஒரு குழந்தை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பது சட்டத்தில் எழுதியில்லை. மொழியைவிட எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கேட்பதில்லை. வெளியே படித்திருந்தால் அதை வாங்கி வர வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடம் இந்தக் கணக்கில் டெல்லிப் பள்ளிக்கூடத்துக்குச் சமம். மகளுக்கு அடுத்த வருடம் எட்டாம் வகுப்பு.

ஜாதி விஷயம் இன்னும் கடுமையானது. திரும்பி வருகிறவர்களில் பலர் இதைப் பத்திரம் பதிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால், போன இடத்தில் மாநில அரசின் இடஒதுக்கீடு அவருக்குக் கிடையாது. இரண்டு மாநிலப் பட்டியலிலும் அதே ஜாதி, அதே பெயரில் இருந்தாலும் கிடையாது. 1990-ல் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் இப்படிச் சொன்னது. 1994-லும் 2018-லும் அதையே உறுதி செய்தது. ஒரு ஜாதியின் தாழ்வு அந்தந்த மாநிலத்தின் சமூக நிலையைப் பொறுத்தது என்பது அதன் அடிப்படை வாதம். ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் போனவருக்கு இது பொருந்தலாம். காரோட்டிலிருந்து களியக்காவிளைக்கு வருகிறவருக்கு? ஒரே ராஜாவின் ஆட்சியில், ஒரே ஜென்மியின் வயலில், ஒரே தீண்டாமையை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எல்லை போட்டவர்களுக்கு இது தெரியாமலில்லை. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும்' என்ற குறிப்பை இன்றும் பார்க்கலாம். திருவிதாங்கூரிலிருந்து வந்தவர்களின் உரிமை போகக்கூடாது என்று 1956-ல் சேர்த்த வரிகள். அது மண்ணோடு வந்தவர்களுக்கு. மண்ணை விட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களுக்கு அப்படி வரி எதுவும் இல்லை.

பிற்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ நாடார்கள் சபை வித்தியாசம் இல்லாமல் பிற்பட்ட வகுப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த சபை என்ற கேள்வி வெகுகாலம் இருந்தது. எல்லாக் கிறிஸ்தவ நாடார்களையும் சேர்த்து 2021-ல் கேரள அரசு போட்ட உத்தரவு அதே வருடம் உயர் நீதிமன்றத்தில் சிக்கியது. ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பி இரண்டு பக்கமும் வீடு கட்டினால் அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு வேறு வரிசைகளில் நிற்பார்கள்.

அம்மாவின் தேவைகள் வேறு திசையில் இழுத்தன. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்றும் பல வீடுகளில் திருவனந்தபுரம்தான். 1951-ல் தொடங்கிய மெடிக்கல் காலேஜ், பிறகு ஸ்ரீ சித்திரா, கேன்சருக்கு ஆர்.சி.சி. காரோட்டில் இன்னொரு வசதி, கழக்கூட்டத்திலிருந்து வரும் பைபாஸ் அங்கே வந்து முடிகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரை கான்கிரீட் சாலை. நகரத்துக்குள் நுழையாமல் சீக்கிரம் போய்விடலாம். 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு தரகர்கள் காரோட்டைப் பற்றி ஒரு மாதிரி கண்ணைச் சிமிட்டிக்கொண்டே பேசுகிறார்கள். எனக்குத் துறைமுகத்தைவிட அந்தச் சாலைதான் பெரிதாகத் தோன்றியது. ஆனால் அம்மாவின் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வைத்துக் கொடுத்தது. வீட்டை மாற்றினால் கார்டை ஒப்படைத்து அங்கே புதிதாக வாங்க வேண்டும். அதற்கு என்ன நிறம் விழும் என்பது விண்ணப்பித்த பிறகுதான் தெரியும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இங்கே நடந்ததை இரண்டு பக்கத்திலும் சொன்னார்கள். பிரதான சாலையில் செக்போஸ்ட். இடவழிகளைக்கூட அடைத்தார்கள். கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம் போன மகளைப் பார்க்க இ-பாஸ் வேண்டியிருந்தது. அறுபது வருடத்துக்கும் மேலாகக் காகிதத்தில் மட்டும் இருந்த கோடு சில மாதங்கள் வேலியானது. "எங்க வீட்டுக்கு நேர எதிர் வீடு வேற நாடு மாதிரி ஆயிட்டு" என்றார் ஒரு மாமி. இரண்டு கடையிலும் வாங்கி வாழ்கிறவர்களுக்கு ஒரு கடையின் கதவு அடைபடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் விஷயத்தில் அது முன்பே அடைபட்டிருந்தது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய், மாநிலப் பிரிவினைக்கு முன்பே திட்டமிட்டது. விளவங்கோட்டில் 9,000 ஏக்கருக்கு மேல் அதை நம்பியிருந்தது. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு இரண்டு மாநில ஆறா, ஒரு மாநில ஆறா என்ற தகராறில் தமிழ்நாடு 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அந்தக் கால்வாயின் தமிழ்நாட்டுக் கிளைகளில் புல் முளைத்திருப்பதை இந்தமுறை பார்த்தேன். நாங்கள் எட்டிப் பார்த்த கிணறு நிறைந்திருந்ததற்குக் காரணம் போன வாரத்து மழை என்று பிறகு ஒருவர் சொன்னார். கோடையில் ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார். இந்த யோசனையை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாமா, "குட்டிக்கு எத்தனை வயசு?" என்றார். பன்னிரண்டு என்றேன். "அப்போ அவளுக்கு எங்க வேணுமோ அங்க போங்க. கெழவிய நாங்க இங்கேருந்து வந்து கூட்டிட்டுப் போவோம், ஆஸ்பத்திரிக்கு." அம்மாவைத்தான் கிழவி என்கிறார். அவருக்கும் அம்மாவுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

களியக்காவிளைப் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். மே மாதத்துக்குள் மகளின் டி.சி. வாங்க வேண்டும், மகாராஷ்டிரப் பதிவெண்ணில் இருக்கும் ஸ்கூட்டரை ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். மனைக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. காரோட்டுத் தரகர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். "சாரே, இது அசல் புரையிடம், நான் நேரில் பார்த்த கணக்கு" என்கிறார். ரசீதின் நகலை மாமாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.