2.15.0 போதும் என்று எழுதியவன்

ஒரு மென்பொருளின் பாதுகாப்பு ஆவணத்தில் நான் எழுதிய ஒரு வரி பிழையானது. பிழை என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் அதைத் திருத்தாமல் விட்டேன். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய்.

திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு, வேலை முடிந்த மாலைகளில் ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளுக்கு உழைப்பவன் நான். நூலகங்களும் ஊர்ச் சங்கங்களும் உறுப்பினர் விபரங்களை வைத்துக்கொள்ளும் ஜாவா மென்பொருள் அது. 2004 ஆழிப்பேரலை எங்கள் கரையையும் அழித்துப்போன நாட்களில், இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா'தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் என்று பதிவுசெய்த அந்த மென்பொருள், அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் போனது. நானும் அப்படி ஏதாவது எழுதுவேன் என்று நினைத்தேன். கையில் கிடைத்தது ஆவணம் எழுதும் வேலை. நிரல் எழுத ஆசைப்பட்டவனுக்கு அது கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் இருக்கிற வேலை.

பாதுகாப்பு ஆவணத்தில் இருக்க வேண்டியது அதிகமில்லை. எந்தப் பதிப்புகளுக்குத் திருத்தம் வரும், ஓட்டையைக் கண்டவர் யாருக்கு இரகசியமாக எழுத வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும். '48 மணி நேரத்துக்குள் பதில்' என்ற வாக்குறுதியை, சம்பளத்துக்கு ஆட்கள் வைத்திருக்கும் ஒரு பெரிய திட்டத்திலிருந்து அப்படியே பிரதி பண்ணினேன். அந்த மின்னஞ்சல் பெட்டியை நான் திறப்பதே அபூர்வம்.

2021 டிசம்பரில் லொக்-ஃபோர்-ஜே ஓட்டை வெளியானது. உலகெங்கும் ஏராளமான ஜாவா மென்பொருட்கள், நடப்பதைப் பதிவேட்டில் எழுதப் பாவித்த நிரல் நூலகம் அது. பதிவேட்டில் விழும் ஒரு சொற்றொடரை வைத்தே வெளியாள் ஒருவர் சேர்வரில் தன் நிரலை ஓடவிட முடிந்தது. ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன்: 'லொக்-ஃபோர்-ஜே 2.15.0 பதிப்புக்கு மாறுங்கள், போதும்.' குழுவில் பாராட்டு குவிந்தது. இத்தனை வேகமாக யாரும் எழுதவில்லை என்றார்கள்.

அடுத்த வாரமே 2.15.0 இன் திருத்தம் முழுமையானதல்ல என்று தெரிந்து, 2.16.0 வந்தது. மீதி ஓட்டைக்கு முதலில் கொடுத்த மதிப்பெண் 3.7. சின்ன விஷயம் என்று விட்டேன். சில நாட்களில் அதையே 9.0 ஆக உயர்த்தினார்கள். அதையும் வாசித்தேன். பிறகு 2.17.0, மாத முடிவுக்குள் 2.17.1. என் வரி மட்டும் 'போதும்' என்றே நின்றது.

ஏன்? திருத்தினால் ஆவணத்தின் மாற்ற வரலாற்றில் பதியும். யார் எழுதினார், யார் மாற்றினார், எந்தத் திகதி, எல்லாம் பெயரோடு நிற்கும். பாராட்டு வாங்கிய வரியை நானே வெட்ட வேண்டும். ஒருவரும் கேட்கவில்லையே என்று இருந்துவிட்டேன்.

2022இல் நாடு இருந்த நிலையைச் சாட்டாகச் சொல்லலாம். சில நாட்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு, எரிபொருளுக்கு வரிசை. ஆனால் ஒரு வரியைக் கைபேசியிலேயே மாற்றியிருக்கலாம். முகப்புத்தகம் பார்க்க அந்தக் கைபேசியில் சார்ஜ் இருந்தது.

கடைசியில் வன்னியில் ஒரு சங்கத்துக்குக் கணினி வேலை செய்யும் ஒரு தம்பி தொலைபேசி எடுத்தான். "அண்ணை, வேற இடத்தில 2.17 எண்டு கிடக்கு. உங்கட ஆவணத்தில 2.15 போதும் எண்டுதானே எழுதிக் கிடக்கு? அதை நம்பித்தானே இருந்தனாங்கள்." அவர்களுடைய சேர்வர் இணையத்துக்குத் திறந்தே கிடந்தது. யாரும் நுழைந்ததற்குத் தடயம் இல்லை. பழைய பதிவேடுகள் அழிந்துபோனதால், நுழையவில்லை என்று சத்தியம் பண்ணவும் முடியாது. அவனிடமும் "கவனிக்கேல்ல" என்றுதான் சொன்னேன்.

ஆவணமே இல்லாத மென்பொருளைப் பாவிப்பவர் சந்தேகத்தோடாவது இருப்பார். நான் அவர்களின் சந்தேகத்தையும் எடுத்துவிட்டேன். ஓட்டையைக் கண்டால் யாருக்கு எழுத வேண்டும் என்று இணையத்தளங்கள் வைக்கும் 'செக்யூரிட்டி டெக்ஸ்ட்' கோப்புக்கு 2022 ஏப்ரலில் வெளியான வரையறையில் காலாவதித் திகதி கட்டாயம். ஓர் ஆண்டுக்குள் வைப்பது நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டுக் கைவிடும் என் போன்ற ஆட்களை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது எங்கள் ஆவணத்திலும் காலாவதித் திகதி உண்டு. 48 மணி நேரம் 14 நாட்கள் ஆகிவிட்டது; அதைக் காப்பாற்ற முடிகிறது. பெட்டியைத் திறக்க இன்னொருவரும் இருக்கிறார். நீங்கள் பாவிக்கும் மென்பொருளின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். பழையதாக இருந்தால் எழுதிக் கேளுங்கள். என்னிடம் யாராவது முதல் மாதமே கேட்டிருந்தால், வெட்கத்துக்காகவாவது திருத்தியிருப்பேன்.